திடலுக்கு யார் பணம் தருவார்கள்?

கேள்வி: எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு பொது இடம் சும்மா கிடக்கிறது. அதில் திறந்தவெளி உடற்பயிற்சித் திடல் அமைக்க, நடைப்பயிற்சிக்கு வரும் நாங்கள் 15 பேர் ஆசைப்படுகிறோம். இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினோம், பதிலே இல்லை. யாரிடம் கேட்பது? பணம் கொடுப்பவர் பெயரைப் பெரிதாகப் போடச் சொன்னால் சம்மதிக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, எங்கள் குழுவும் முதலில் இப்படித்தான் எழுதியது. 12 கருவிகளின் படத்தை ஒட்டி, விலைப்பட்டியலோடு அனுப்பினோம். கூப்பிட்டுப் பேசியவர்கள் கேட்டது ஒரே கேள்வி: "ஐந்து வருஷம் கழித்து பேரிங் தேய்ந்தால் யார் மாற்றுவீர்கள்?" எங்களிடம் பதில் இல்லை, பணமும் கிடைக்கவில்லை. அன்று வருத்தமாக இருந்தது. ஆனால் நியாயமான கேள்வி. துருப்பிடித்து நிற்கும் கருவியில் தன் பெயர் இருப்பதை யார்தான் விரும்புவார்கள்?

அதனால் பணம் தேடும் முன் இரண்டு கடிதங்களை வாங்கிவிடுங்கள். நிலத்துக்கு உரிமையுள்ள அமைப்பின் அனுமதி ஒன்று. பராமரிப்பை இன்னார் ஏற்கிறோம் என்ற உறுதி இன்னொன்று. வாய்வார்த்தை போதாது, பொறுப்பில் இருப்பவர் மாறினால் அதுவும் போய்விடும்.

அப்புறம் கணக்கெடுங்கள். நான் இரண்டு வாரம் காலையும் மாலையும் நோட்டுப் புத்தகத்தோடு அங்கேயே உட்கார்ந்தேன். வந்தவர்களில் பாதிக்கு மேல் அறுபதைத் தாண்டிய பெண்கள். நாங்கள் கேட்டிருந்த 12 கருவிகளில் அவர்களுக்குப் பொருந்தியவை இரண்டுதான்! பட்டியலையே மாற்றினோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. 65 வயதுக்கு மேல், சமநிலைக்கும் சேர்த்து மூன்று நாளாவது பயிற்சி வேண்டும். நடப்பவர்களுக்கு முதல் பாதி கிடைத்துவிடுகிறது, மீதிக்கு இடமில்லை. இரண்டாவது விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினோம். அதற்குப் பலன் இருந்தது.

யாரிடம் கேட்பது என்றால், மக்கள் ஆரோக்கியமாக இருப்பதால் யாருக்கு நன்மையோ அவர்களிடம். 1968-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் காட்டுப் பாதை நெடுக உடற்பயிற்சி நிலையங்கள் அமைத்தபோது ஆதரவு தந்தது வீட்டா என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம். சீனாவில் 1990-களிலிருந்து குடியிருப்புகளில் கருவிகள் வைக்க விளையாட்டு லாட்டரியின் வருமானம் உதவியது. உங்கள் உள்ளாட்சி, விளையாட்டுத் துறை, காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை அறக்கட்டளை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். முழுத் தொகையையும் ஒருவரிடமே கேட்க வேண்டாம். ஒரு குடும்பம் பெற்றோர் நினைவாக ஒரு பெஞ்சோ ஒரு கருவியோ தர மனம் வைக்கும். திடல் முழுவதற்கும் என்றால் தயங்கும்.

கருவி விலையை மட்டும் கூட்டாதீர்கள். கான்கிரீட் அடித்தளம், விழுந்தால் அடிபடாத தரை, சக்கர நாற்காலி வரும் பாதை, நிழல் எல்லாம் சேர்த்தால்தான் உண்மையான செலவு தெரியும். நாங்கள் பாதையை மறந்து, பிறகு மறுபடி கையேந்த வேண்டியிருந்தது. பிடித்துத் தொங்குவதற்கான கம்பி, இணைக் கம்பி போல அசையும் பாகம் இல்லாதவற்றை அதிகம் வைத்தால் பிற்காலச் செலவு குறையும். விற்பவரிடம் இஎன் 16630 தரநிலைச் சான்று கேளுங்கள். அது ஐரோப்பியத் தரநிலை, 1.4 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கான கருவிகள் பற்றியது. அதனால் சிறு குழந்தைகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள்.

இன்னொன்று, பணம் தருபவரின் ஒப்புதல் கைக்கு வரும் முன் குழி தோண்டிவிடாதீர்கள். ஆரம்பித்துவிட்ட வேலைக்குப் பல நிதிகள் பணம் தருவதில்லை. சில நிதிகள் முதலில் நீங்கள் செலவழித்து ரசீது காட்டிய பிறகே தரும். அந்த இடைவெளியை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

சரி, பெயர்ப்பலகை. தாராளமாகப் போடுங்கள், கொடுத்தவரை நன்றியோடு சொல்வதில் தவறே இல்லை. ஆனால் அளவு, இடம், எத்தனை வருடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கருவியைப் பயன்படுத்தும் முறை எழுதிய பலகையை மட்டும் அது மறைக்கக் கூடாது.