போனை இன்று ரீசெட் செய்யாதீர்கள்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி 6 வருடம். என் கணவர் ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. ஆனால் நான் எங்கே போனேன், யாரிடம் என்ன பேசினேன் என்பதெல்லாம் நான் சொல்லாமலே அவருக்குத் தெரிகிறது. மதியம் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய வரியை மாலையில் அப்படியே திருப்பிச் சொல்கிறார். வெளியே போனால் வீடியோ காலில் வந்து, இருக்கும் அறையைச் சுற்றிக் காட்டச் சொல்கிறார். எடுக்கத் தாமதமானால் 30, 40 மிஸ்டு கால். கேட்டால் “அக்கறை இருப்பதால்தானே” என்கிறார். போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிடு என்கிறாள் அக்கா. செய்யட்டுமா? இதைக் கொடுமை என்று சொல்லலாமா, இல்லை எனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதா? ஈமெயிலில் எழுதப் பயந்து தபாலில் அனுப்புகிறேன்.
— பெயர் வேண்டாம்

பதில்: அன்புச் சகோதரி, ஈமெயில் வேண்டாம், தபால்தான் பத்திரம் என்று யோசித்திருக்கிறீர்களே, அந்தப் புத்தி பேதலிக்கவில்லை. அது உங்களைக் காப்பாற்றப் பார்க்கிறது. இந்தப் பதிலை உங்கள் போனில் படித்துக்கொண்டிருந்தால் இங்கேயே நிறுத்துங்கள். அக்காவின் போனிலோ, கணவர் கை படாத வேறு எதிலோ மீதியைப் படியுங்கள்.

ரீசெட் இப்போது வேண்டாம். அக்கா நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், எனக்கும் முதலில் அதுதான் தோன்றியிருக்கும். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு பெண், கணவர் தூங்கிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு மதியம் தன் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றினார். அந்தக் கணக்கை அவருக்கு ஆரம்பித்துக் கொடுத்ததே கணவர்தான். பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் மீட்பு முகவரியாகத் தன் ஈமெயிலைக் கொடுத்து வைத்திருந்தார். ‘பாஸ்வேர்ட் மாற்றப்பட்டது’ என்ற செய்தி நேராகக் கணவருக்குத்தான் போனது. படுக்கையிலிருந்து எழும் முன்பே படித்துவிட்டார். அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் போனே இல்லை.

கட்டுப்பாடு கை நழுவுகிறது என்று இப்படிப்பட்ட கணவர்களுக்குத் தெரியவரும் நேரம்தான் அதிக ஆபத்தானது. குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களோடு வேலை செய்கிறவர்கள் எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். இதுவரை அடிக்காதவர் அன்றைக்கும் அடிக்க மாட்டார் என்று நம்ப வேண்டாம். இன்னொன்று, ரீசெட் செய்தால் அவர் உளவு பார்த்த தடயமும் சேர்ந்து அழிந்துவிடும். நாளைக்கு நீங்கள் ஓரிடத்தில் போய் நியாயம் கேட்டால் காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

இது கொடுமைதானா என்று கேட்டீர்கள். ஆமாம், கொடுமைதான். அடியே விழாமல் ஒருவரின் நடமாட்டம், பேச்சு, உறவு எல்லாவற்றையும் பிடிக்குள் வைத்திருப்பதும் கொடுமைதான் என்று சமூகவியலாளர் ஈவன் ஸ்டார்க் போன்றவர்கள் பல வருடங்களாக எழுதி உலகத்துக்குப் புரியவைத்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015-ல் இதைத் தனிக் குற்றமாகவே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். அக்கறை உள்ளவர் “வந்து சேர்ந்தாயா?” என்று கேட்பார், சேர்ந்தேன் என்றால் விட்டுவிடுவார். அறையைச் சுற்றிக் காட்டச் சொல்ல மாட்டார்.

சரி, அவருக்கு எப்படித் தெரிகிறது? அவர் பெரிய ஹேக்கர் என்று நினைத்துப் பயப்படாதீர்கள். அநேகமாக எந்த வித்தையும் இருக்காது. போனை வாங்கித் தந்தது யார், கணக்கை ஆரம்பித்தது யார், போனைத் திறக்க யாருடைய விரல் ரேகையும் பதிவாகியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

அவருக்கு என்னென்ன தெரிகிறது என்பதைவிட, என்ன மாதிரி விஷயங்கள் தெரிகின்றன என்று கவனியுங்கள். அக்காவுக்கு எழுதிய வரியை அப்படியே சொல்கிறார் என்றால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது வாட்ஸ்அப்பின் ‘லிங்க்ட் டிவைசஸ்’ மேல்தான். நீங்கள் குளிக்கப் போன நேரத்தில் உங்கள் போனை எடுத்து, தன் கணினித் திரையில் தெரியும் கியூஆர் கோடு கட்டத்தை ஒரு தடவை ஸ்கேன் செய்தால் போதும். அரை நிமிட வேலை. அப்புறம் உங்கள் உரையாடல் அவர் மேஜையிலும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்படி நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். எந்தக் கருவி, கடைசியாக எப்போது பயன்பட்டது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும்.

போன இடம் மட்டும் தெரிகிறது என்றால் கூகுள் மேப்ஸில் இருப்பிடத்தைப் பகிரும் வசதி காரணமாக இருக்கலாம். குழந்தை இருந்தால், கூடவே கொண்டுபோகும் அதன் டேப்லெட் வழியாகவும் இடம் தெரியலாம், அதையும் மறக்காதீர்கள். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போன இடம்கூடத் தெரிகிறதா? அப்படியானால் கைப்பையிலோ வண்டியிலோ ஏர்டேக் போன்ற, நாணயம் அளவு கண்காணிப்புக் கருவி ஒளிந்திருக்கலாம். தெரியாத கருவி ஒன்று கூடவே நகர்ந்தால் போனே எச்சரிக்கும் வசதி, 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் பொதுவாக வந்திருக்கிறது. அப்படி எச்சரிக்கை வந்தால் பதறி அதைத் தூக்கி எறியாதீர்கள். இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து வையுங்கள்.

இடம், பேச்சு, இணையத்தில் தேடியது, அனுப்பிவிட்டு அழித்தது என எல்லாமே தெரிகிறது என்றால் உளவுச் செயலி ஏற்றப்பட்டிருக்கலாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று சொல்லி விற்கப்படும் செயலிகளே இதற்கும் பயன்படுகின்றன. அது இருந்தால் நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தீர்கள் என்பதுகூட அவருக்குத் தெரியக்கூடும். அதனால் அந்தச் சந்தேகம் இருந்தால் போனில் எதையும் தோண்டாதீர்கள். வேறு சந்தேகம் என்றாலும் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லாக் அவுட் செய்ய வேண்டாம்.

இப்போதைக்கு ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், நீங்கள் யாருக்கு என்ன அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு அவர் அதைத் திருப்பிச் சொன்னார், எந்த வார்த்தையில் சொன்னார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். அந்த 40 மிஸ்டு காலை அக்காவின் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அது உங்கள் கேலரியில் உட்கார்ந்துவிடும். நோட்டு அக்கா வீட்டிலேயே இருக்கட்டும்.

அடுத்தது, அவருக்குத் தெரியாத ஒரு வழி. அக்காவின் போனிலோ கணினியிலோ புதிதாக ஓர் ஈமெயில் கணக்கு ஆரம்பியுங்கள். பாஸ்வேர்ட் அவர் ஊகிக்க முடியாததாக இருக்கட்டும், கல்யாண நாள், குழந்தை பெயர் எதுவும் வேண்டாம். மீட்பு எண்ணாக அக்காவின் எண்ணைக் கொடுங்கள். உங்கள் போனில் அந்தக் கணக்கை ஒரு தடவைகூடத் திறக்காதீர்கள். பெண்களுக்கான உதவி மையத்தோடு பேசுவதும் இந்த வழியாக மட்டும்தான். எந்த நாளில் எதைச் செய்வது, எங்கே போவது என்ற திட்டத்தை அவர்களோடு உட்கார்ந்து போடுங்கள். பாஸ்வேர்ட் மாற்றுவதெல்லாம் அந்தத் திட்டத்துக்குள் வர வேண்டிய வேலை. அதுவரை பழைய போனில் வழக்கமான பேச்சு வழக்கம்போல ஓடட்டும். திடீரென்று அமைதியானால் அதையும் அவர் கவனிப்பார்.

அந்த நாள் வரும்போது முதலில் மாற்ற வேண்டியது பழைய ஈமெயிலின் மீட்பு முகவரியையும் பாஸ்வேர்டையும்தான், மற்றக் கணக்குகளின் சாவி அங்கேதான் இருக்கிறது. மாற்றுவதைப் பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து வேறு கருவியிலிருந்து செய்யுங்கள். அப்புறம் இணைந்திருக்கும் கருவிகள், இருப்பிடப் பகிர்வு. உங்களுடையது ஐபோன் என்றால் 2022 முதல் அதில் ‘சேஃப்டி செக்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. யாரோடு எதைப் பகிர்கிறீர்கள் என்று பார்த்து ஒரே இடத்தில் நிறுத்திவிடலாம்.

அந்தரங்கப் படங்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவரிடம் அப்படி ஏதாவது இருந்து, வெளியிடுவேன் என்று மிரட்டினால் ‘ஸ்டாப்என்சிஐஐ’ என்ற இலவச சேவை 2021 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதன் எண் அடையாளம் மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாகி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அங்கே அந்தப் படம் ஏறினால் தடுப்பதற்கு.

எல்லா வழியையும் அடைத்த பிறகும் சிலர் விட மாட்டார்கள். ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கி 2020-ல் தன் கணக்குகளைப் பார்த்தபோது, மூன்று மாதத்தில் 8,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குச் சில்லறைக் காசு வரிசையாக வந்திருந்தது. காசோடு வரும் குறிப்பில் வசவு, மிரட்டல் என்று சந்தேகப்படும்படியான வார்த்தைகள். பிற்பாடு அப்படி ஏதாவது வந்தால் அதுவும் நோட்டில் ஏறட்டும்.

போனே வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். எனக்கு அந்த யோசனை பிடிக்கவே இல்லை. அக்காவோடு உங்களுக்கு இருக்கும் தொடர்பை அவர் அறுக்க நினைக்கிறார், அதை நாமே ஏன் செய்து கொடுக்க வேண்டும்?

கடிதத்தின் கீழே உங்கள் போன் நம்பரை எழுதியிருந்தீர்கள். அதில் நான் கூப்பிடவில்லை, இங்கே வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். மறுபடி எழுதத் தோன்றினால் இதே போலத் தபாலிலேயே எழுதுங்கள். அனுப்புநர் முகவரியாக அக்காவின் முகவரியைப் போடுங்கள். பதிலும் தபாலில் அங்கே வரும்.