துருப்பிடித்த சைலன்சர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய கார். பின் சைலன்சரில் ஓட்டை விழுந்து சத்தம் போடுகிறது. ஆனால் மேலே பெயின்ட்கூட அவ்வளவாகப் போகவில்லை. ஒட்டுப் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம், மாற்றிவிடுங்கள். சைலன்சரைத் துரு உள்ளிருந்தே தின்னும். வெளிப் பெயின்ட்டை நம்பக்கூடாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகையோடு வருகிறது. பின் சைலன்சர் எஞ்சினுக்கு வெகு தள்ளி இருப்பதால் கடைசியில்தான் சூடாகும். குறுகிய தூரம் மட்டும் ஓடும் வண்டியில் அது சூடேறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே குளிர்ந்து, புகையின் அமிலமும் கலந்து, அடியில் தேங்குகிறது.

ஸ்க்ரூ டிரைவர் பிடியால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்கும், மெலிந்த தகடு மந்தமாக ஒலிக்கும். மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்தால் ஓட்டை பெரிதாகுமே தவிர அடைபடாது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: சில சைலன்சர்களின் அடியில் தண்ணீர் வடிய, கம்பெனியே மிகச் சிறிய துளை விட்டிருக்கும். அதைத் துரு ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி: நட்டுகள் துருவேறி போல்ட்டோடு ஒட்டிப்போயிருக்கின்றன. வீட்டிலேயே கழற்ற முடியுமா?

முடியும். அவசரப்பட்டால்தான் போல்ட் ஒடியும். முந்தின நாளே மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை அடித்து வையுங்கள். சில மணி நேரம் விட்டு இரண்டு, மூன்று முறை திரும்ப அடியுங்கள்.

கழற்றும் நாளில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வண்டியைச் சமதளமான, கெட்டியான தரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். ஜாக்கியால் தூக்கிய பிறகு ஸ்டாண்டில் உட்கார வைக்காமல் அடியில் நுழையவே கூடாது. மல்லாந்து வேலை செய்யும்போது துருத்தூள் நேராகக் கண்ணில்தான் விழும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடித்த நட்டின் மூலையை மழுக்கிவிடும். ஆறு முனை சாக்கெட்டைப் போடுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் துளி அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அசைந்ததும் ஒரே மூச்சில் இழுக்காமல், முன்னும் பின்னுமாக ஆட்டி, நடுவே எண்ணெய் விட்டுக் கொண்டுவாருங்கள். பைப் இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் யூ கிளாம்ப் அசையவே இல்லையென்றால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள், ஹாக்ஸாவால் அறுத்துவிடுங்கள். எப்படியும் புதிய கிளாம்ப்தான் போடப் போகிறோம். நெருப்புக் காட்டிச் சூடாக்கும் முறையைப் பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய், ரப்பர் இருக்கும் இடங்களில் தொடவே வேண்டாம்.

அடுத்தது, ஒன்றுக்குள் ஒன்று செருகிய பைப். சைலன்சரின் கழுத்து வெளிப்பக்கம் இருந்தால் அதை நீளவாக்கில் அறுத்து, வெட்டின வாயை உளியால் விரித்தால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் பைப்பில் பிளேடு படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டியது அதுதான். கழுத்து உள்பக்கம் செருகியிருந்தால் வேலை தலைகீழ். கழுத்தை வெளியே குறுக்கே வெட்டிவிட்டு, உள்ளே மாட்டிய துண்டை மட்டும் உள்ளிருந்து கீறி, உள்நோக்கி மடக்கி எடுக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் இடம் இதுதான்.

சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர்களைக் கழற்றச் சோப்புத் தண்ணீர் போதும். வெடித்த ரப்பரைத் திரும்ப மாட்டினால் புது சைலன்சரின் பாரம் முழுவதும் பைப் இணைப்பில்தான் விழும்.

கேள்வி: புதிதாக மாட்டிய சைலன்சர் பாடியில் இடிக்கிறது, இணைப்பிலும் புகை கசிகிறது. ஏன்?

பெரும்பாலும் ஒவ்வொரு இணைப்பையும் மாட்டும்போதே முழுக்க இறுக்கியிருப்பீர்கள். எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ரப்பர்களை மாட்டி, சைலன்சர் தானாகத் தொங்கட்டும். பாடி, பிரேக் குழாய், ஆக்ஸில் எல்லாவற்றிலிருந்தும் இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வரும்படி திருப்பி வைத்து, எஞ்சின் பக்கமிருந்து தொடங்கிப் பின்னோக்கி இறுக்கி வாருங்கள்.

கசிவுக்குக் காரணம் பைப் முனையில் மிச்சமிருக்கும் துருவாகவோ, போதாத செருகலாகவோ இருக்கும். உப்புத்தாளால் தேய்த்து, நாலைந்து சென்டிமீட்டர் உள்ளே போகும்படி செருகுங்கள். சூடு தாங்கிக் கசிவை அடைக்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட்டை உள்ளே போகும் பைப்பின் வெளிப்புறத்தில் மெலிதாகப் பூசினால் போதும். சாதாரண சிலிக்கான் பசை அந்தச் சூட்டில் கருகும். இரண்டு தகடுகளை போல்ட்டால் சேர்க்கும் பிளேட் இணைப்பாக இருந்தால், நடுவே கசிவை அடைக்கும் பழைய காஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள். யூ கிளாம்ப்பை வெறிகொண்டு இறுக்கினால் பைப் நசுங்கிக் கசிவு கூடும். அடுத்த முறை கழற்றவும் வராது.

சோதிப்பது சுலபம். ஆறிய எஞ்சினை வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்து, ஒருவர் பின் குழாயைத் தடித்த துணியால் சில நொடி பொத்த, இன்னொருவர் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளிக்கட்டும். நுரை பொங்கும் இடம் கசிவு. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது என்பதால், கொஞ்சக் கசிவுதானே என்று விட முடியாது. சில நாள் ஓடியபின் நட்டுகளை ஒருமுறை திரும்ப இறுக்குங்கள். சூடேறி ஆறும்போது கொஞ்சம் தளரும்.

கேள்வி: பைக்கில் சைலன்சர் மாற்றியதிலிருந்து ஆக்ஸிலரேட்டரை விடும்போது பட் பட்டென்று வெடிக்கிறது.

எஞ்சினின் மேல் பகுதியான சிலிண்டர் ஹெட்டில் பைப் சேரும் இடத்து வளையக் காஸ்கெட்டைப் பாருங்கள். அது சரியாக அடைக்காவிட்டால் அங்கே காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எரியாத பெட்ரோல் பைப்பிலேயே பற்றுகிறது. புது வளையம் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அதற்குப் பிறகும் வெடித்தால் கார்புரேட்டரைக் கவனிக்கலாம்.