அம்மாவுக்கு 37, உங்களுக்கு 41

கேள்வி: சிட்னியில் வசிக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் வாடகைக் கேரவனை எடுத்துக்கொண்டு லைட்னிங் ரிட்ஜ் வெந்நீர்க் குளத்துக்குப் போகத் திட்டம். என்னுடன் மனைவி, 9 வயது மகன், 4 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சாப்பிடுகிறார். எல்லோரும் குளிக்கலாமா? கேரவனோடு போகச் சாலை சரிப்படுமா?

பதில்: ஜூலை நல்ல மாதம். பகலில் இதமான வெயில், இரவில் எலும்பைத் துளைக்கும் குளிர். வெந்நீருக்கு அதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் பெயரைப் பார்த்துக் குளத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், சூட்டைப் பாருங்கள். லைட்னிங் ரிட்ஜ் குளத்தில் தண்ணீர் சுமார் 41.5 டிகிரி. ஆஸ்திரேலியாவில் ஸ்பா தொட்டிகளுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே 40 தான். அதே வட்டாரத்தில் பில்லிகா என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே தண்ணீர் 37 டிகிரி, உடம்புச் சூடுதான். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருக்கும். அம்மாவுக்கும் சின்னவளுக்கும் உரிய இடம் பில்லிகா. லைட்னிங் ரிட்ஜில் நீங்களும் மனைவியும் மாறிமாறி இறங்குங்கள். யாராவது ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும். அங்கே உயிர்காப்பாளர் கிடையாது.

அம்மா விஷயத்தில் ஏன் இவ்வளவு கறார் என்றால், வெந்நீரில் ரத்த நாளங்கள் விரிந்து அழுத்தம் இறங்கும். மாத்திரையும் அதே வேலையைத்தான் செய்கிறது. தண்ணீருக்குள் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது; சட்டென்று எழுந்து படியேறும்போதுதான் கண் இருட்டும். ஈரமான சிமெண்ட் படியில் அது நடந்தால் மூட்டுவலி போய் இடுப்பெலும்பு முறிவு வந்து சேரும். கிளம்புமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சரி என்றால், முதலில் படியில் உட்கார்ந்து காலை மட்டும் நனைக்கட்டும். பிறகு இடுப்பளவு, பத்து நிமிடம். எழும்போது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். குடிதண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். வெந்நீரின் இதம் மூட்டுக்கு நல்லதுதான். அது வீட்டு வெந்நீருக்கும் உள்ள குணம். தாது உப்புகள் வாதத்தையே தீர்க்கும் என்று கரையில் யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் சூட்டுக்கு எரிமலை காரணமில்லை. பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம் ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான நிலத்துக்கு அடியில் பரந்து கிடக்கிறது. கிழக்கு மலைத்தொடரில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, ஆண்டுக்குச் சில மீட்டர் வேகத்தில் ஊர்ந்து, ஆழத்தில் பூமியின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. அதை ஆழ்துளையிட்டு மேலே விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மோரீ என்ற ஊரில் 1895-இல் பாசனத்துக்கென்று துளையிட்டார்கள்; இன்று ஊரே அந்த வெந்நீரால் பெயர்பெற்றிருக்கிறது. திரும்பும் வழியில் அங்கே நின்றால் மகனுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள்: பழங்குடிக் குழந்தைகளை அந்த ஊர்க் குளத்துக்குள் விடாத காலம் ஒன்று இருந்தது. 1965 பிப்ரவரியில் சார்ல்ஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னி மாணவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கி அதை எதிர்த்துப் போராடினார்கள்.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. 9 வயது என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு குதிக்கிற வயது. இங்கே கூடாது. தலை நனையவே கூடாது. குளோரின் போடாத வெதுவெதுப்பான நன்னீரில் நெக்லேரியா ஃபவ்லரி என்னும் அமீபா வளரக்கூடும். மூக்கு வழியாக மூளைக்குப் போனால் பிழைப்பது அரிது. இந்த நோயை மருத்துவ உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னதே 1965-இல் அடிலெய்டில்தான். மிக மிக அபூர்வம்; வாய்வழி போனால் ஒன்றும் செய்யாது; கழுத்துவரை உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் வேண்டாம். ஆனால் கேரவனின் தண்ணீர்க் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் கிடந்த ரப்பர் குழாய்க்குள் தேங்கிய நீரும் அதே வெதுவெதுப்புதான். முதலில் வரும் சூடான தண்ணீர் முழுவதையும் தரையில் விட்டுவிட்டு, பிறகே பிள்ளைகள் கையில் குழாயைக் கொடுங்கள்.

சாலைக்கு வருவோம். சிட்னியிலிருந்து லைட்னிங் ரிட்ஜ் 700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கேரவனை இழுத்துக்கொண்டு ஒரே நாளில் வேண்டாம்; வழியில் உள்ள டப்போ ஊரில் ஓர் இரவு தங்குங்கள். நெடுஞ்சாலை முழுக்கத் தார்ச்சாலை. அதைவிட்டு விலகும் மண்சாலைகளில்தான் கவனம் வேண்டும். அந்தப் பக்கம் கரிசல் மண். நல்ல மழை ஒன்று பெய்தால் சக்கரம் மண்ணை அப்பிக்கொண்டு நின்றுவிடும். வானம் கறுத்திருந்தால் குறுக்குவழியை மறந்து, முந்தைய ஊரில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தி சாய்ந்தால் கங்காருக்கள் சாலைக்கு வரும். ஆகவே நான்கு மணிக்கெல்லாம் கேரவனை நிறுத்திவிட்டு, குளியலை இரவுக்கு வையுங்கள். குளித்த கையோடு ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள். அந்தத் தூக்கம் சொல்லாமல் வரும்.

லைட்னிங் ரிட்ஜ் குளம் இலவசம். காலை 10 முதல் 12 வரை சுத்தம் செய்ய மூடுவார்கள், மற்ற நேரமெல்லாம் திறந்திருக்கும். தண்ணீரில் லேசான கந்தக வாடை வரலாம். மூக்குக்கு ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். வெள்ளிக்குப் பழகாது. என் மனைவியின் கொலுசு ஒரே இரவில் கரியாகக் கறுத்து, பிறகு பற்பசை போட்டுத் தேய்க்க அரை நாள் ஆனது. அம்மாவின் மெட்டியையும் மகளின் கொலுசையும் கேரவனிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.