மனிதரும் ரோபோவும் சேர்ந்து வேலை செய்ய ஏஐ உண்மையில் உதவுமா?

கேட்டவர் கோவையில் பம்ப் தொழிற்சாலை நடத்துகிறார். கோபோட் (ஆட்களுக்குப் பக்கத்திலேயே நின்று வேலை செய்யும் ரோபோ) வாங்கினால் ஏஐ மென்பொருளும் சேர்த்து வாங்க வேண்டுமா, அது ஆட்களுக்குப் பாதுகாப்பைக் கூட்டுமா என்பது அவர் கேள்வி. நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் ஆட்டோமேஷன் பொறியாளர். வேலை தடையில்லாமல் ஓட ஏஐ நன்றாகவே உதவும். ஆளைக் காக்கும் பொறுப்பை மட்டும் அதனிடம் விடாதீர்கள்.

வழக்கமான அமைப்பில் தரையையொட்டி ஒரு லேசர் ஸ்கேனர் இருக்கும். யாராவது எல்லைக்குள் வந்தால் ரோபோ வேகத்தைக் குறைக்கும், இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். வந்தவர் பாகம் எடுக்க வந்தாரா, தள்ளுவண்டியோடு அந்த வழியாகப் போகிறாரா என்று ஸ்கேனருக்குத் தெரியாது. அதனால் எல்லாருக்காகவும் நிற்கும். உற்பத்தி குறையும், மேலிருந்து கேள்வி வரும், ஸ்கேனர் எல்லையைக் கொஞ்சம் சுருக்கினால் என்ன என்று யாராவது கேட்பார்கள். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

இந்த இடத்தில்தான் ஏஐ கைகொடுக்கிறது. மேலே இருக்கும் கேமரா ஆபரேட்டரின் தோள், முழங்கை, மணிக்கட்டு நகர்வதைப் பார்த்து, அடுத்த நொடியில் கை எந்தத் தட்டுக்குப் போகும் என்று கணிக்கும். ரோபோ அந்தத் தட்டை விட்டுவிட்டு வேறொன்றில் வேலையைத் தொடரும். நிற்க வேண்டிய தருணங்களே குறைகின்றன. ஸ்கேனர் எல்லையில் யாரும் கைவைக்கத் தேவையில்லை.

ஆனால் ஸ்கேனரும், அது சொன்னதும் ரோபோவை நிறுத்தும் பாதுகாப்புக் கன்ட்ரோலரும் ஏஐ-யைச் சாராமல் தனியாக இயங்க வேண்டும். கோபோட் பாதுகாப்புக்காக 2016இல் வந்த ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066 என்ற சர்வதேசத் தர ஆவணம், ரோபோவுக்கும் வேறொரு பொருளுக்கும் நடுவே உடல் நசுங்கினால் எவ்வளவு விசை வரை தாங்கலாம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் எண் தருகிறது: கைவிரல்களுக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65. இவற்றைக் கருவி வைத்து அளந்து சரிபார்க்கலாம். கையுறை போட்ட கையை, எண்ணெய் படிந்த லென்ஸ் வழியாக, ஒரு ஏஐ மாடல் எப்போதும் சரியாகக் கண்டுகொள்ளும் என்று அப்படி அளந்து காட்ட முடியாது. இங்கே மின்வெட்டும் நடந்ததுண்டு, 2022, 2023இல் மிக மோசமாக இருந்தது. ஏஐ ஓடும் கணினி அணைந்தாலும் ரோபோ பத்திரமாக நிற்க வேண்டும். இன்னொன்று: ரோபோ மெதுவாகத் தொட்டாலும் அது பிடித்திருக்கும் தகட்டின் விளிம்பு வெட்டும். ஆகவே ரோபோவை மட்டும் பார்க்காமல் கிரிப்பர் (ரோபோ பொருளைப் பிடிக்கும் முனை), பாகம், மேசை எல்லாவற்றையும் சேர்த்து ஆபத்தை மதிப்பிடுங்கள்.

அப்புறம், லைனில் நிற்பவர்கள். எங்களோடு வேலை செய்யும் தமிழர்கள் பலர் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிக்காரர்கள், 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனாலும் மூத்தவர்களை அண்ணா, அக்கா என்றுதான் அழைப்போம். ஒவ்வொரு முறையும் புதுப்புதுப் பாதையில் கையை நீட்டும் ரோபோவை அவர்களுக்குப் பிடிக்கவில்லை. "தம்பி, இது எங்கே வரும்னு எனக்குத் தெரியணும்" என்றார் ஒரு அக்கா. அவர் சொன்னது எனக்கு முழுக்கச் சரியாகப் பட்டது. ஏஐ நம்மைக் கணிப்பதுபோல் நாமும் ரோபோவைக் கணிக்க முடிய வேண்டும். அதனால் எங்கள் அமைப்பில் ஏஐ பாதையைத் தானாக உருவாக்காது. ஆபரேட்டர்கள் ஏற்கெனவே பார்த்துப் பழகிய சில பாதைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் வேகம் குறையும். எனக்கு அதில் வருத்தமே இல்லை, பக்கத்தில் நிற்பவர் பதறாமல் வேலை செய்கிறாரே!

கேமரா என்றதும் வேவு பார்க்கவா என்ற சந்தேகம் வரும், அது நியாயமும்கூட. தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலாக்கப்படுகிறது. எதற்காகப் படம் எடுக்கிறோம் என்பதை ஆட்களிடம் சொல்ல வேண்டும், வேறு காரியத்துக்கு இஷ்டப்படி பயன்படுத்த முடியாது. வேலையின்மை 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும் நாடு இது. இயந்திர மாற்றத்தால் ஆட்குறைப்பு வரலாம் என்றால், 1995 தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 189ஆம் பிரிவுப்படி முன்கூட்டியே கலந்து பேசியாக வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் வேறு, ஆனாலும் ரோபோ வந்து இறங்கும் முன்பே ஆட்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதலில் ஏஐ இல்லாமலே கோபோட்டைச் சில மாதம் ஓட்டுங்கள். எங்கெங்கே, யாரால், எத்தனை முறை நிற்கிறது என்று குறித்து வையுங்கள். பாதி நிறுத்தங்கள் தள்ளுவண்டிப் பாதையால் வருகின்றன என்று தெரிந்தால், பாதையை மாற்றினாலே போதும். மீதி நிறுத்தங்கள் கை நீட்டுவதால் வருபவை என்றால், அப்போது மென்பொருள் விற்பவரைக் கூப்பிட்டு அந்தக் குறிப்பை அவர் முன்னால் வையுங்கள்.