சிகிச்சைக்குப் பின் வந்த மறதி

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. களியக்காவிளை அருகே எங்களுக்குச் சிறிய ரப்பர் தோட்டம் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குத் திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சையும் கீமோதெரபியும் முடிந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. நாற்பது ஆண்டுகளாக ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டின் அளவைக் கண்ணாலேயே கணித்து ஊற்றியவர், இப்போது "ஆசிட் ஊற்றியாச்சா?" என்று ஒரே காலையில் மூன்று முறை கேட்கிறார். மருத்துவமனையில் நடத்திய நினைவாற்றல் சோதனையில் மதிப்பெண் குறைவு. புற்றுநோய் வந்தவருக்கு அல்சைமர் வராது என்கிறார் உறவினர் ஒருவர். எதை நம்புவது?
- வாசகி, களியக்காவிளை

பதில்: உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வில், 65 வயதைக் கடந்த 1,278 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து 2012-இல் வெளியிட்ட முடிவின்படி, புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. செல்கள் பெருகுவதைத் தூண்டும் பின்1 என்ற நொதி பல புற்றுநோய்களில் மிகுதியாகவும், அல்சைமர் மூளையில் குறைவாகவும் இருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. ஆனால் வாய்ப்புக் குறைவு என்பது வராது என்பதாகாது.

அம்மாவுக்கு இப்போது இருப்பது வேறு வகையாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன். கீமோதெரபிக்குப் பின் கவனம் சிதறுவதும், சொல் நாவில் வராமல் நிற்பதும், செய்த வேலையே மறப்பதும் பலருக்கு நேர்கின்றன. பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்ல இது குறையும். வயதானவர்களுக்குக் கூடுதல் காலம் எடுக்கலாம். எனவே "வயசாச்சு, அப்படித்தான்" என்று ஒதுக்குவதும், டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதிநோய்) என்று முடிவு கட்டுவதும் இரண்டுமே அவசரம். ரத்தசோகை, சோடியம் குறைவு, தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கத்துக்கும் அலர்ஜிக்கும் உட்கொள்ளும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள், ஏனெனில் இவற்றில் சில முதியவர்களின் நினைவை மங்கச் செய்யும். மனச்சோர்வும் காது மந்தமும்கூட மறதிபோல் தோன்றும்.

சோதனை எந்த மொழியில் நடந்தது? இதை அழுத்தமாகக் கேட்கிறேன். உங்கள் ஊர் போன்ற கேரள எல்லைப்புறத்தில் மலையாளம் சரளமாகப் பேசினாலும் அதை வாசிக்கத் தெரியாதவர்கள் பலர். இந்தச் சோதனைகள் சிலவற்றில், எழுதிக் காட்டும் வாக்கியத்தை வாசித்து அதன்படி செய்யவும், ஒரு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள். வாசிக்கத் தெரியாத எழுத்தில் கேட்டிருந்தால் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து அவரது மூளையைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. படித்த வகுப்பையும் குறிப்பிட்டு, தமிழில் மீண்டும் சோதிக்கும்படி கேளுங்கள்.

திடீரென ஆள், இடம் புரியாமல் குழம்பினாலோ, தலைவலியோடு வாந்தி எடுத்தாலோ, ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ, உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆசிட் வேலையை அவரிடமிருந்து பறிக்க வேண்டாம். அது அவருடைய கைப்பழக்கம். நீங்கள் அருகில் நின்றுகொண்டு, ஒவ்வொரு தட்டில் ஊற்றியதும் சுவரில் சாக்கட்டியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள்.