புட்டிங் கேட்ட தம்பிக்கு, ஏற்காட்டிலிருந்து

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குக் குடிவந்த புதிதில், வீட்டுக்கார அம்மையார் கிறிஸ்துமஸ் மதிய விருந்துக்கு அழைத்து, அதில் கடைசியாகப் பரிமாறும் உலர்பழ இனிப்பான புட்டிங் உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம். அதை எப்படிச் செய்வது, அம்மாபேட்டையிலிருந்து அம்மா நெய்யும் டூட்டி ஃப்ரூட்டியும் கொடுத்தால் எடுத்துவருவீர்களா, குளிர்கோட்டு எங்கே வாங்கலாம், வாடகை ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள், தம்பி. கோட்டையும் வாடகையையும் பற்றிக் கேட்காமலே சொல்ல அங்கே நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் விடுப்பில் ஏற்காட்டில் இருக்கிறேன். புட்டிங்கைப் பற்றி எழுத நேரம் இருக்கிறது.

நெய்யை மறந்துவிடுங்கள். இந்தியாவிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் பயணிகள் பிரிட்டனுக்குள் கொண்டுபோகக் கூடாது. புடவைக்குள் சுருட்டிக் கொண்டுவந்த வீரக்கதை சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். டூட்டி ஃப்ரூட்டியும் வேண்டாம். அது பாகில் ஊறிய பப்பாளிக்காய். ஆங்கிலேயர்கள் புட்டிங்கில் போடுவது பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும். ஜாதிக்காய், பட்டை, கிராம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன்.

இனி முக்கியமானது. பழைய முறைப்படி புட்டிங்கில் சேர்ப்பது சூயெட், அதாவது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கெட்டிக் கொழுப்பு. சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். ஆனால் தெரிந்து சாப்பிட வேண்டும். நான் போன புதிதில், மருத்துவமனை விடுதி விருந்தில் நான் இரண்டாவது துண்டு எடுக்கும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அதைச் சொல்லிச் சிரித்தவர் வெள்ளைக்காரர் அல்லர். பல ஆண்டுகள் அங்கேயே குடியிருந்த, நம் மாவட்டத்துப் பெண்மணி. முன்னால் போனவர்களுக்கு இப்படி ஓர் அற்ப சந்தோஷம்! தாவரக் கொழுப்பில் செய்த சூயெட்டும் எல்லாப் பெரிய கடைகளிலும் கிடைக்கிறது. நான் அதைத்தான் வாங்குகிறேன். எங்கள் தெருவில் யாரும் குறை சொன்னதில்லை. இப்போது பக்கத்து வீட்டு ஆங்கிலேயர்களே புட்டிங்கை என்னிடம் விட்டுவிடுகிறார்கள். விருந்தினரில் மது தொடாதவர், கொட்டைப் பருப்பு வகை ஒவ்வாதவர் உண்டா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நம் ஊர் பிளம் கேக்கை மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். இது ஆவியில் வேக வேண்டியது. கருப்பு, வெள்ளை உலர்திராட்சைகள் சேர்ந்து 450 கிராம், சூயெட் 100, ரொட்டித்தூள் 100, மைதா 50, கரும்பழுப்புச் சர்க்கரை 200, முட்டை இரண்டு, துருவிய ஆப்பிள் ஒன்று, பாகில் ஊறிய தோல் ஒரு பிடி, பொடித்த ஜாதிக்காய், பட்டை, கிராம்பு, நனையும் அளவுக்குக் கருப்பு பீரும் கொஞ்சம் பிராந்தியும். கலந்து ஓர் இரவு வைத்து, வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் அடைத்து, காகிதத்தை நடுவில் ஒரு மடிப்பு விட்டு மூடிக் கட்டுங்கள். வேகும்போது புட்டிங் உப்பிவரும். பிறகு எட்டு மணி நேரம் ஆவி. கொண்டுபோன இட்லிப் பானையே போதும், ஆனால் தண்ணீர் வற்றக் கூடாது. அடுப்பை விட்டு வெளியே போகாதீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள் வரும் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறுதான் இதைக் கிளற வழக்கமான நாள். குளிர்ந்த இருட்டில் சில வாரம் இருந்தால்தான் சுவை ஏறும். விருந்தன்று மறுபடி இரண்டு மணி நேரம் ஆவியில் சூடாக்க வேண்டும். அன்று ரயில் ஓடாது, பஸ்ஸும் பெரும்பாலும் இல்லை, பெரிய கடைகளைச் சட்டப்படியே திறக்க முடியாது. போக வழியையும் புட்டிங்கோடு பரிமாறும் பிராந்தி வெண்ணெயையும் முதல் நாளே ஏற்பாடு செய்யுங்கள். சூடான பிராந்தியை ஊற்றிக் கொளுத்தும்போது சட்டைக் கையும் திரைச்சீலையும் தள்ளி இருக்கட்டும். அலங்காரத்துக்கு மேலே செருகும் ஹோலிச் செடியின் சிவப்புக் காய்கள் விஷம். வெட்டும் முன் எடுத்துவிடுங்கள்.

இந்த மலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். பின்னால் வந்த தோட்டத் துரைமார் பங்களாவில் என் தாத்தா சமையல்காரர். புட்டிங்கைத் துணியில் கட்டி, பித்தளை அண்டாவில் விறகு எரித்து நாள் முழுக்க வேகவைப்பாராம். இங்கே விளைந்த ஆரஞ்சின் தோலையே பாகில் போடுவாராம். மிச்சம் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்கு வரும். பிள்ளைகள் கசாயம் என்று துப்பிவிடுவார்கள் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தில் உள்ளவர்களிலும் பாதிப் பேர் கடமைக்கு ஒரு வாய் தின்றுவிட்டு சாக்லேட் டப்பாவைத் திறப்பவர்கள்தான். சிறிய துண்டாகவே வெட்டுங்கள்.