தனியாக வெளிநாடு போய்த் திரும்பும்போது உங்களைப் பற்றி என்ன தெரிந்துகொண்டீர்கள்?

சொந்த ஊர் பெயரைச் சொல்லப் பயப்படுகிறவள் நான் என்று தெரிந்துகொண்டேன். கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

என் ஊர் தங்கச்சிமடம். பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் போகிற வழியில் இருக்கிறது. நான் போன வெளிநாடு இலங்கை. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். அந்தக் கரையைப் பார்க்க நான் மதுரைக்குப் போய், விமானத்தில் கொழும்பு இறங்கி, பிறகு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் வடக்கே வர வேண்டியிருந்தது. அப்பத்தா சின்னப் பிள்ளையாக இருந்தபோது தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் அக்கரை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 80களில் நின்றுவிட்டது.

கொழும்பும் கண்டியும் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது மன்னாரில் கழிந்த கடைசி இரண்டு நாள்.

மன்னார் தீவுக்குள் பஸ் நுழைந்ததும் நெஞ்சு என்னவோ செய்தது. அதே பனை, அதே வெள்ளை மணல், அதே உப்புக் காற்று. பஸ்ஸில் ஒரு பையன் "கச்சான், கச்சான்" என்று கூவிக்கொண்டு வந்தான். எங்களுக்குக் கச்சான் என்றால் காற்று. அங்கே வேர்க்கடலையும் கச்சான்தான். படகு முதலாளியை அங்கேயும் சம்மாட்டி என்கிறார்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேசாலைக் கடற்கரையில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊசியை ஓட்டினார். என் அப்பா உட்காருகிற அதே மாதிரி. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எவ்விடம் பிள்ளை? இந்தியாவோ?"

"ஆமாங்கய்யா. மதுரை."

யோசிக்காமலேயே வாயில் வந்துவிட்டது. அவர் மடியில் கிடந்த வலை நான் கைவிரிக்கிற அகலத்துக்கும் மேல் கிழிந்திருந்தது. "இது மாசியில அறுந்தது. இந்தியன் றோலர். விடிய வந்து பாத்தா மிதப்பு மட்டும் கிடக்கு" என்றார். றோலர் என்று அவர் சொன்னது எங்கள் பக்கத்து விசைப்படகை. குரலில் கோபமே இல்லை. பிறகு, "இந்த ரெண்டு மாசம்தான் பயமில்லாம வலை விடுறம். அங்க இப்ப தடைக்காலமெல்லோ" என்றார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. எங்கள் வீட்டில் அது வட்டிக்கு வாங்குகிற காலம். அரசு கொடுக்கிற நிவாரணம் 8,000 ரூபாயாக உயர்ந்த பிறகும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு நாளாகத் தேதி கிழித்து அந்த 61 நாள் முடியக் காத்திருந்தவள் நான். அதே 61 நாளை இந்தக் கரையில் ஒருவர் முடியக் கூடாதே என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்பா விசைப்படகு ஓட்டியவர். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மடி, அதாவது இழுவை வலை, இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 1983ஆம் ஆண்டுச் சட்டம். அதைத் தாண்டிப் போனால் கொஞ்ச தூரத்தில் இந்தியாவும் இலங்கையும் 1974இல் போட்ட கடல் எல்லைக்கோடு. நடுவில் இருக்கிற இடத்தில் அத்தனை படகுக்கும் எங்கே இறால் கிடைக்கும்? எல்லை தாண்டியதாக ஒருமுறை பிடிபட்டு அக்கரைச் சிறையில் இருந்துவிட்டு வந்தார். அவர் வந்தார், படகு வரவில்லை. அந்தக் கோபத்தோடு வளர்ந்தவள் நான். இழுவைமடி கடலடியைச் சுரண்டிக்கொண்டே போகும், வழியில் போட்டிருக்கும் வலையையும் சேர்த்து வாரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. சங்காயத்தோடு, அதாவது மடியில் வரும் கழிவு மீனோடு, சேர்ந்து வந்த அறுந்த வலைத்துண்டுகளை எங்கள் கரையில் பார்த்திருக்கிறேன். யாருடைய வலை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அன்று மாலை தலைமன்னார் இறங்குதுறைக்குப் போனேன். ஊர் இருக்கும் திசையில் கடல் மட்டும்தான் தெரிந்தது. தனியாகக் கிளம்பி வந்ததால் என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவரிடம் ஊர் பெயரைச் சொல்ல முடியாமல் போனது அங்கே நிற்க நிற்க உறுத்தியது. ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் கொழும்பு பஸ்ஸை விட்டுவிட்டுப் பேசாலைக்குப் போனேன். அவர் அதே இடத்தில் இருந்தார்.

"ஐயா, நான் மதுரை இல்லை. தங்கச்சிமடம். எங்க அப்பா விசைப்படகு ஓட்டினவர்."

ஊசி நின்றது. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"தங்கச்சிமடமோ? தொண்ணூறில வள்ளத்தில அகதியா வந்து மண்டபம் காம்பில மூண்டு வருசம் இருந்தனாங்கள். உங்கட ஊருக்கு வேலைக்கு வந்திருக்கிறன். நல்ல சனம்." மறுபடி ஊசியை எடுத்தார். "அப்பாட்டச் சொல்லு பிள்ளை, மடியை அங்காலேயே வச்சு இழுக்கச் சொல்லி."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தேத்தண்ணி கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்துவிட்டார்.

ஊர் திரும்பியபோது தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. கரையேற்றிய ஒரு படகுக்கு அப்பா பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், கூலிக்கு. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மதுரை என்று பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் பேசாமல் அடித்துக்கொண்டே இருந்தார். பலகை ஒன்று முழுசாக முடிந்த பிறகு தலையைத் திருப்பாமல் கேட்டார்:

"புது வலைக்கு எவ்வளவு ஆகும்னு கேட்டியாம்மா?"

நான் கேட்டிருக்கவில்லை.